ஃபிஷ் ஜெயித்தது வாசிப்பாலா, பாட்டாலா?

பாட்டை மேடையில் நீட்டி, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் அமெரிக்க ஜாம் பேண்டுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஃபிஷ் என்ற பேண்டு மேல் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: நாலு பேரும் அசுரத்தனமாக வாசிப்பார்கள், ஆனால் உருப்படியாக ஒரு பாட்டு எழுதத் தெரியாது. இந்த வகைக்கு முன்னோடியான கிரேட்ஃபுல் டெட் பற்றி இதையே திருப்பிப் போட்டுச் சொல்வார்கள்: பாட்டெல்லாம் தங்கம், வாசிப்பு மட்டும் அன்றைய மூடைப் பொறுத்தது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் 'பாட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று தனித்தனி வேலைகளைப் போட்டு அடைத்துவிட்டு வாதம் செய்வதால்தான் இந்தச் சண்டை முடியவே மாட்டேன் என்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1983-ல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில், பல்கலைக்கழக மாணவர்களாக ஆரம்பித்தவர்கள் ஃபிஷ். கிட்டார் ட்ரே அனஸ்டாசியோ, பேஸ் மைக் கார்டன், டிரம்ஸ் ஜான் ஃபிஷ்மன். கீபோர்டில் பேஜ் மெக்கானல் 1985-ல் சேர்ந்தார். ரேடியோவில் ஓடி ஊரையே கலக்கிய ஹிட் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் 2017 ஜூலை, ஆகஸ்டில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தார்கள். ஒரு பாட்டுகூடத் திரும்ப வரவில்லை. மொத்தம் 237 பாட்டுகள், அதாவது ஓர் இரவுக்குச் சராசரியாகப் பதினெட்டு. மற்றவர்களின் பாட்டுகளும் அதில் கலந்திருந்தன என்றாலும், பாட்டு எழுதத் தெரியாத பேண்டுக்கு அத்தனை கையிருப்பு எங்கிருந்து வரும்?

அவர்கள் எழுதுவது வேறு வகை என்பதுதான் விஷயம். அவர்கள் அதிக தடவை மேடையேற்றிய 'யூ என்ஜாய் மைசெல்ஃப்' உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 கோடையில் ட்ரேயும் ஃபிஷ்மனும் ஐரோப்பாவில் தெருவில் வாசித்துச் சுற்றிய பயணத்தில் பிறந்தது. முதல் ஆல்பமான 'ஜுன்டா'வில் பத்து நிமிடத்துக்குப் பக்கம் வரும். ஆரம்பத்தில் கிட்டாரில் ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்து வாசிக்கும் கோர்வை. பிறகு எல்லாம் அடங்கி, கீபோர்டு மட்டும் மிதக்கும் ஓர் அமைதி. அதிலிருந்து திடீரென்று பேண்டு முழுவதும் ஒரே அடியாகப் பாயும். அடுத்து கிட்டாரில் ஒற்றை ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நிற்கும் இடம். இதுவரைக்கும் எல்லாமே எழுதி வைத்தது, ஒரு ஸ்வரம் பிசகினாலும் அரங்கத்துக்கே தெரியும். வார்த்தை என்று பார்த்தால் இரண்டு வரி தேறாது, அதற்கும் அர்த்தம் தேடிப் பயனில்லை. அதன்பிறகு ட்ரேயும் மைக்கும் வாசித்துக்கொண்டே சின்ன டிராம்போலின்மேல் ஏறிச் சேர்ந்து குதிப்பார்கள். அங்கிருந்துதான் ஜாம். கடைசியில் வாத்தியங்களை நிறுத்திவிட்டு நாலு பேரும் வாயாலேயே சத்தம் எழுப்பி முடிப்பார்கள்.

கண்ணதாசனோ பாப் டிலனோ எழுதுகிற பொருளில் இது பாட்டு கிடையாது. ஆனால் இதை வெறும் 'வாசிப்பு' என்று சொல்லிவிடவும் முடியாது. உட்கார்ந்து, தாளில் எழுதி, மாதக்கணக்கில் கைக்குப் பழக்கிய இசையமைப்பு. ட்ரேவுக்கு வெர்மான்டில் எர்னி ஸ்டைர்ஸ் என்ற இசையமைப்பாளர் குருவாக வாய்த்தார். ஒரே மெலடியைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தும்படி கோக்கும் ஃபியூக் எழுதும் பழக்கமெல்லாம் அந்த வழியில் வந்தது. 'டிவைடட் ஸ்கை'யில் ஒரு பகுதி முன்னால் போய், அதே ஸ்வரங்களில் பின்னோக்கித் திரும்பி வரும். விகடகவி மாதிரி. ட்ரே காடர்ட் கல்லூரியில் 1988-ல் கொடுத்த ஆய்வேடே கேம்ஹெண்ட்ஜ் என்ற கற்பனை ஊரைப் பற்றிய பாட்டுத் தொடர்தான். அதை 2023 டிசம்பர் 31 இரவு நாடகமாகவே மேடையில் போட்டார்கள், 35 வருடம் கழித்து.

ஆக, ஒரு பக்கம் எழுதி வைத்த கோர்வை. இன்னொரு பக்கம் எழுதாமல் அந்த நேரத்தில் பிறக்கும் ஜாம். இந்த இரண்டாவதை 'திறமை' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அது பயிற்சி அறையில் செய்த வேலை, அதுவும் மிகச் சலிப்பான வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்கள் செய்த 'ஹே' பயிற்சி அதற்கு நல்ல உதாரணம். ஒருவர் ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க ஆரம்பிப்பார். மற்ற மூவரும் அதில் இருக்கும் இடைவெளிகளைப் பார்த்து ஆளுக்கொரு வரியைப் பொருத்துவார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் பிடித்து நின்றுவிட்டார்கள் என்று தன் காதுக்குப் பட்டதும் 'ஹே' என்று குரல் கொடுக்க வேண்டும். நாலு 'ஹே'யும் விழுந்த பிறகுதான் அடுத்தவர் தன் வரியை மாற்றலாம். அவர் மாற்றியதும் மீண்டும் எல்லாரும் பொருந்த வேண்டும், மீண்டும் நாலு 'ஹே'. இப்படியே மணிக்கணக்கில்.

நாலு பேர் சேர்ந்து இதைச் செய்து பார்த்தால் எங்கே சறுக்கும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தன் வாசிப்பு தனக்கு வசதியாக உட்கார்ந்ததுமே 'ஹே' சொல்லிவிடுவார்கள். அடுத்தவரைக் கேட்டுச் சொல்வதுதான் பயிற்சியே. இரண்டாவது தவறு, வரியை நீளமாக எடுப்பது. இரண்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மேல் போனால் மற்றவர்களுக்கு இடைவெளியே தெரியாது. மூன்றாவது, கிட்டாரும் கீபோர்டின் வலது கையும் ஒரே ஆக்டேவில் முட்டிக்கொள்வது. யாராவது ஒருவர் கீழே இறங்க வேண்டும், அல்லது கையை எடுத்துவிட வேண்டும். கையை எடுப்பதுதான் கஷ்டம், பயிற்சி எடுத்த கைகளுக்கு இன்னும் கஷ்டம்.

இனி பாட்டுக்கு வருவோம். ஜாம் போகிற பாட்டு, போகாத பாட்டு என்று இரண்டு ஜாதி உண்டு. 'ட்வீஸர்' என்ற பாட்டின் வரிகளைத் தாளில் எழுதிப் படித்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அதன் அஸ்திவாரம் ஏ என்ற ஸ்வரத்தில் நிற்கும் ஒரு ஃபங்க் ரிஃப், அதாவது ஆட வைக்கிற மாதிரி திரும்பத் திரும்ப வரும் சின்ன வரி. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் அதைத் தொடங்கலாம், இரண்டு அடியில் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம், மாறாது. 1995-ல் வந்த 'எ லைவ் ஒன்' ஆல்பத்தில் இந்தப் பாட்டு அரை மணி நேரம் ஓடும். 2013 ஜூலை 31 அன்று லேக் டாஹோவில் வாசித்தது 36 நிமிடத்துக்கு மேல். அந்த ரிஃப் இல்லாமல், இரண்டு அடிக்கு ஒரு கார்டு மாறுகிற அழகான மெலடிப் பாட்டாக இருந்தால் இது நடக்காது. வாசிப்பவரின் மூளை கார்டு எங்கே மாறுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஒருவர் வழி விலகினால் மற்ற மூவருடன் மோதல்தான்.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு உள்ளே நடப்பதைச் சட்டென்று சொல்லிவிடலாம். டெட் குழுவின் 'டார்க் ஸ்டார்' ஏ மிக்ஸோலிடியனில் நிற்கிறது. அது நம் ஹரிகாம்போஜி ஸ்கேல். கிட்டாரும் கீபோர்டும் அதே ஏழு ஸ்வரங்களில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பேஸ் வாசிப்பவர் ஏ-யை விட்டு டி-யில் போய்த் தங்கினால் எல்லார் காதுக்கும் அது சங்கராபரணமாகிவிடும். ஈ-யில் தங்கினால் கரஹரப்ரியா. பி-யில் தங்கினால் நடபைரவி, சூழலே இருண்டுவிடும். மற்றவர்கள் விரலை மாற்றவே வேண்டாம். கச்சேரியில் கிரகபேதம் செய்து கைதட்டு வாங்குவதை இங்கே பேஸ்காரர் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகிறார். டெட்டில் ஃபில் லெஷ், ஃபிஷ்ஷில் மைக் கார்டன். ஜாம் திரும்பும் இடங்களைத் தேடுகிறவர்கள் கிட்டாரை விட்டுவிட்டு பேஸைக் கேட்டால் பாதி ரகசியம் பிடிபடும். இந்த வித்தை நடக்க பாட்டு ஒரே கார்டில் நின்று இடம் கொடுக்க வேண்டும். எழுதுகிறவர் கொடுக்கும் இடம் அது.

வரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கதை சொல்லும் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் வேறு ஊருக்குப் போய்வர முடியாது. கேட்பவர் மனம் கதையிலேயே மாட்டியிருக்கும். சொல் குறைவாக, துண்டு துண்டாக இருந்தால் பாதகமில்லை. 'டார்க் ஸ்டார்' 1968-ல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. 'லைவ் டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம். டெட்டின் பாடலாசிரியர் ராபர்ட் ஹண்டர் எழுதிய வரிகள் ஒரு கைப்பிடிதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு படம். ஃபிஷ் வரிகளின் கோமாளித்தனத்துக்கும் இப்படி ஒரு நியாயம் சொல்லலாம். அதற்காக எல்லாவற்றையும் நியாயப்படுத்தவும் முடியாது. பல இடங்களில் அது வெறும் சோம்பல், நண்பர்களுக்குள் சிரிக்க எழுதியதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட பாட்டு எழுத நினைக்கும் பேண்டுகளுக்கு, கைக்கு உதவுகிற மாதிரி: பாடும் பகுதி மூன்று, நான்கு நிமிடத்துக்குள் முடியட்டும். கடைசி வரியை முத்தாய்ப்பு வைத்து மூடாதீர்கள். மூடினால் கூட்டம் கைதட்டும், கைதட்டினால் பாட்டு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பதில் ஒரே கார்டில் பதினாறு பாராவது நில்லுங்கள், அந்தப் பதினாறில் யாரும் சோலோ எடுக்க வேண்டாம். டிரம்ஸ் சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தால்தான் மேலே ஏற இடம் இருக்கும். முதல் இரண்டு நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போய்விடும் ஜாமுக்கு மீதிப் பத்து நிமிடம் வேலை கிடையாது, புதிய பேண்டுகள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். திரும்பி வர ஓர் அடையாளம் வேண்டும்: ஒரு ரிஃப், டிரம்ஸில் ஓர் உருட்டு, எதுவானாலும் எல்லார் காதுக்கும் சந்தேகமில்லாமல் படவேண்டும். அது இல்லாத ஜாம் முடியாது, தேய்ந்து நின்றுபோகும்.

இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு. ஜாம் ஏதோ ஒரு வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ட்ரே பொறுமை இழந்து அடுத்த பாட்டின் முதல் கார்டை அடித்துவிடுவார். பாராசூட் கயிற்றை இழுக்கிற மாதிரி என்று ரசிகர்கள் இதற்கு 'ரிப்கார்ட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். டாஹோ ட்வீஸரை இன்றைக்கும் தூக்கி வைத்துப் பேசுவதற்கு, அன்றைக்கு அந்தக் கயிற்றை யாரும் இழுக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

1996 ஹாலோவீன் இரவில் அட்லாண்டாவில் டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்தை முழுதாக வாசித்தார்கள். ஹாலோவீனுக்கு வேறொருவரின் ஆல்பத்தை வேஷம் போட்டுக்கொள்வது அப்போது அவர்கள் வழக்கம், 1994-ல் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பம், 1995-ல் தி ஹூவின் 'குவாட்ரஃபீனியா'. ஆனால் 1996-ல் எடுத்தது கையையே மாற்றிவிட்டது. அந்த ஆல்பத்தில் சோலோவுக்கு இடம் குறைவு. ஒவ்வொருவரும் ஒரு சின்ன வரியைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஓட்ட வேண்டும், கூட்டிப் பார்த்தால்தான் இசை. அடுத்த வருடம், 1997-ல், ட்ரே வேகமான சோலோக்களைக் குறைத்துவிட்டு வா-வா பெடலில் துண்டு கார்டுகளை வெட்டிக்கொண்டிருந்தார், பேஜ் கிளாவினெட் என்ற கீபோர்டு வகைக்குப் போனார், மைக் முன்னுக்கு வந்தார். 'கவ் ஃபங்க்' என்று பெயர் வாங்கிய காலம் இது. வாசிப்புத் திறமை என்றால் விரல் வேகம் என்று நினைப்பவர்கள் 1993 ஒலிப்பதிவு ஒன்றையும் 1997 ஒலிப்பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். பின்னதில் ஸ்வரங்கள் குறைவு, ஆட்டம் அதிகம்.

சரி, பாட்டு என்ற பழைய பொருளில் கிரேட்ஃபுல் டெட் எங்கே நிற்கிறது? 1970 என்ற ஒரே வருடத்தில் 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்', 'அமெரிக்கன் பியூட்டி' என்று இரண்டு ஆல்பம். அதற்கு முந்தைய ஸ்டுடியோ ஆல்பத்தின் செலவில் கம்பெனிக்குக் கடன்பட்டிருந்தார்கள். அதனால் சுருக்கமான பாட்டு, அக்கூஸ்டிக் கிட்டார், சேர்ந்து பாடும் குரல் என்று இறங்கி, வேகமாகப் பதிவு செய்தார்கள். 'ரிப்பிள்' மாதிரி ஒரு பாட்டை எந்த ஜாமும் தொடாது, தொடவும் கூடாது. ஹண்டர் பேண்டோடு மேடை ஏறி வாசித்தவரில்லை, வரிகள் மட்டும் எழுதினார். ஆனாலும் 1994-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பேண்டைச் சேர்த்தபோது அவரையும் உறுப்பினராகவே சேர்த்தார்கள். அவர் இடம் என்ன என்பது இதிலேயே தெரியும்.

வாசிப்பில் டெட் ஒழுங்கு குறைந்தவர்கள் என்பது பழைய புகார், அதில் நியாயம் இல்லாமலில்லை. குரல் சேராது, கிட்டார் வாசித்துப் பாடும் ஜெர்ரி கார்சியா வரியை மறப்பார். ஆனால் 'பிளேயிங் இன் த பேண்ட்' பத்து அடியில், 'தி இலெவன்' பதினோரு அடியில், அதுவும் இரண்டு டிரம்மர்களை வைத்துக்கொண்டு. தாளத்தில் அவர்கள் சும்மா இல்லை. அந்த இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் ஜாகிர் ஹுசேனுடன் நெருங்கி வேலை செய்தவர். அவருடைய 1991 'பிளானட் ட்ரம்' ஆல்பத்தில் நம்ம விக்கு விநாயக்ராமின் கடம் இருக்கிறது. உலக இசைக்கான முதல் கிராமி அதற்குத்தான் கிடைத்தது.

டெட்டின் ஒரே பெரிய ஹிட் 1987-ல் வந்த 'டச் ஆஃப் க்ரே', பில்போர்டு பட்டியலில் ஒன்பதாம் இடம். அது 1982 முதல் மேடையில் வாசித்துவந்த பழைய பாட்டு. அதனால் வந்த கூட்டம் அவர்களை ஏறக்குறைய மூச்சுமுட்ட வைத்தது. டிக்கெட் இல்லாதவர்கள் அரங்கத்துக்கு வெளியே கூடிவிடுவார்கள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். வாசிப்பை நம்பி வளர்ந்த பேண்டுக்குப் பாட்டு ஜெயித்தால் அதுவே தலைவலி.

பாட்டின் பலம் என்ன என்பதற்கு உண்மையான சோதனை கார்சியா 1995 ஆகஸ்டில் இறந்த பிறகுதான் நடந்தது. வாசித்தவர் போய்விட்டார், பாட்டு போகவில்லை. 2015-ல் கிட்டாரிஸ்ட் ஜான் மேயரைச் சேர்த்துக்கொண்டு டெட் அண்ட் கம்பெனி கிளம்பியது. 2024-ல் லாஸ் வேகஸின் ஸ்பியர் அரங்கில் மட்டும் 30 இரவுகள். 2016-ல் வேறு வேறு கலைஞர்கள் சேர்ந்து டெட் பாட்டுகளை 59 பதிவுகளாகப் பாடி வெளியிட்டார்கள். ஃபிஷ் பாட்டுக்கு இந்த மறுவாழ்வு இருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான். 'ரிப்பிள்' பாட ஒரு கிட்டாரும் சுமாரான குரலும் போதும். 'யூ என்ஜாய் மைசெல்ஃப்'புக்கு அந்த நாலு பேர் வேண்டும், டிராம்போலின் இரண்டு வேண்டும்.

இந்தக் குறை அவர்களுக்கே தெரிந்திருந்தது என்றுதான் படுகிறது. ட்ரேயும் அவருடைய பால்ய நண்பர் டாம் மார்ஷலும் ஒரு பண்ணை வீட்டில் தங்கி, சின்னச் சின்னப் பாட்டுகளாக எழுதிக் குவித்தார்கள். 2000-ல் வந்த 'ஃபார்ம்ஹவுஸ்' ஆல்பத்துக்குச் சரக்கு அங்கிருந்து வந்தது. அதற்கு முன்பே 1996-ல் 'பில்லி பிரீத்ஸ்' ஆல்பம் பில்போர்டு பட்டியலில் ஏழாம் இடம் வரை ஏறியிருந்தது. நல்ல ஆல்பம், அவர்களுடைய ஸ்டுடியோ வேலையில் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். 1999 டிசம்பர் 31 இரவு ஃப்ளோரிடா பிக் சைப்ரஸில் நள்ளிரவு முதல் விடியும் வரை ஏழரை மணி நேரம் நிறுத்தாமல் வாசித்தார்கள். அந்த இரவிலிருந்து ஏபிசி தொலைக்காட்சி நேரலையில் எடுத்துக் காட்டியது 'ஹெவி திங்ஸ்' என்ற சின்னப் பாட்டை. அது முடிந்ததும் கைதட்டாமல் 'சீஸ்கேக்' என்று கத்தச் சொல்லிக் கூட்டத்துக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். கூட்டமும் கத்தியது. டிவியில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

2004 ஆகஸ்டில் வெர்மான்டின் கோவென்ட்ரியில் 'இதோடு முடிந்தது' என்று வாசித்த கடைசி விழா, மழையிலும் சேற்றிலும் நடந்தது. வண்டிகளை உள்ளே விட முடியாமல், ரசிகர்கள் நெடுஞ்சாலையில் நிறுத்திவிட்டு மைல் கணக்கில் நடந்து வந்தார்கள். வாசிப்பு தடுமாறியது. ஜாமில் தடுமாறினால் சமாளித்துவிடலாம், தவறின ஸ்வரத்தை இன்னொரு தடவை வாசித்தால் அதுவே புது யோசனையாகிவிடும். எழுதி வைத்த கோர்வையில் அந்த வசதி இல்லை. 'கிளைட்' என்ற பாட்டு அன்றைக்கு நடுமேடையில் உடைந்தது, ஒலிப்பதிவில் இன்றைக்கும் கேட்கலாம்.

2009 மார்ச் 6, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கொலீசியம். நாலரை வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். முதல் பாட்டாக எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஜாமுக்கு வசதியான ஒரு ரிஃப்பை எடுத்திருந்தால் கை சூடாகும் வரை தாக்குப்பிடித்திருக்கலாம். எடுத்தது 'ஃப்ளஃப்ஹெட்'. 2000-க்குப் பிறகு வாசிக்கவே இல்லாதது. பகுதி பகுதியாகக் கால் மணி நேரம் ஓடும், ஏறக்குறைய முழுக்க எழுதி வைத்த கோர்வை, ஒளிந்துகொள்ள ஓர் அடிகூட இடம் கிடையாது. முதல் கார்டு விழுந்ததும் அரங்கம் போட்ட சத்தத்தில் அடுத்த சில கார்டுகள் ஒலிப்பதிவில் பாதிதான் காதில் விழும்.